ரிப்பனும் தொப்பியும் ஒரே சிவப்பில் வேண்டுமா? கொழிஞ்சாம்பாறைக்குப் போங்கள்

குழந்தைக்கு மொழி எப்படி வருகிறது என்று ஆராய்கிறவர்களிடம் என்னென்ன வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். கண் அசைவைப் பதியும் கருவி என்பார்கள், சத்தம் புகாத அறை என்பார்கள், உதவித்தொகை நேரத்துக்கு வந்தால் போதும் என்பார்கள். நல்ல அச்சுக் கடை வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. நான் சொல்கிறேன். பாலக்காடு, பொள்ளாச்சி, கோயம்புத்தூர் என்று அலைந்து பார்த்த பிறகு சொல்கிறேன்: படம் போட்ட அட்டை, தமிழும் மலையாளமும் கலந்த படிவம், வரிசை மாறாத வினாத்தாள் கட்டு, இந்த மாதிரி வேலை என்றால் கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கும் அந்தச் சின்னக் கடைக்குப் போங்கள். பலகையில் பெயர் வெயிலில் வெளுத்துப் போய்விட்டது. ‘போட்டோஸ்டாட், டி.டி.பி., லேமினேஷன்’ என்று மூன்று மொழியிலும் எழுதியது மட்டும் மிச்சம். அண்ணன் மிஷினைப் பார்த்துக்கொள்கிறார், அக்கா டைப் அடிக்கிறார். அவ்வளவுதான் ஆள்.

குறை இல்லாத கடை இல்லை. அதையும் எழுதுகிறேன். முதலில் என் வேலை என்ன என்று சொன்னால்தான் இவர்களிடம் எனக்கு என்ன கிடைத்தது என்று புரியும்.

கொழிஞ்சாம்பாறை இருக்கும் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகா ஒரு காலத்தில் கொச்சி சமஸ்தானம். சுற்றிலும் மலபார், கோயம்புத்தூர் மாவட்டங்கள், நடுவில் ஒரு தீவு. 1949-ல் திருவிதாங்கூர்-கொச்சி ஆனது, 1956-ல் கேரளம் ஆனது. அரசு எதுவானாலும் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கமெல்லாம் வீட்டுப் பேச்சு தமிழ்தான். தமிழ்வழிப் பள்ளிகளும் உண்டு. பஸ்ஸில், ரேஷன் கடையில், ஆஸ்பத்திரியில், டிவியில் மலையாளம். இரண்டு மொழிக்கும் நடுவே வளரும் இந்தப் பிள்ளைகள் வினைச்சொல்லின் வாலை எப்படிப் பிடிக்கிறார்கள் என்பதுதான் என் ஆய்வு.

மலையாளத்தில் வினைக்கு வால் கிடையாது. அவன் வந்நு, அவள் வந்நு, அவர் வந்நு; யார் வந்தாலும் ‘வந்நு’தான். தமிழில் அப்படி இல்லை. ‘வந்தான்’ என்றால் ஆண், ‘வந்தாள்’ என்றால் பெண், யார் என்று தனியாகச் சொல்லவே வேண்டாம். எழுத்தில் இது சுலபம். பேச்சில் பாருங்கள். ‘வந்தாள்’ என்பதில் கடைசி ‘ள்’ விழுந்துவிடும், ‘வந்தா’ என்றுதான் சொல்கிறோம். ‘வந்தான்’ என்பதிலும் ‘ன்’ முழுசாக வருவதில்லை. கடைசி ‘ஆ’ மூக்கு வழியாகப் போகிறது, அவ்வளவுதான். ஆக, பையனா பெண்ணா என்ற சேதி முழுவதும் ஒரு மூக்கொலியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. தமிழ் மட்டுமே கேட்டு வளரும் குழந்தை அதைப் பிடித்துக்கொள்ளும். வால் இல்லாத வினையையும் நாள் முழுக்கக் கேட்கும் குழந்தை? அந்த மூக்கொலியை நம்புமா, இல்லை ‘யாரு?’ என்று திருப்பிக் கேட்குமா?

இதைக் குழந்தையிடம் நேராகக் கேட்க முடியாது. படம் காட்டித்தான் கேட்க வேண்டும். அட்டையில் இரண்டு படம்: ஒரு பையன் ஓடி வருகிறான், ஒரு பெண் ஓடி வருகிறாள். ‘ஓடி வந்தா’ என்று பதிவு செய்த குரல் ஒலிக்கும். குழந்தை ஒரு படத்தைத் தொட வேண்டும். இந்தத் துறையில் இதெல்லாம் பழைய வழிதான். ஜீன் பெர்கோ 1958-ல் வெளியிட்ட ஆய்வை மொழியியல் படித்தவர்கள் எல்லோரும் அறிவார்கள். ‘வக்’ என்று இல்லாத பிராணி ஒன்றைக் காட்டி, ‘இப்போது இன்னொன்று வந்துவிட்டது, இப்போது இரண்டு...’ என்று நிறுத்திக் குழந்தையை முடிக்கச் சொன்னார். கேட்டறியாத சொல்லுக்கும் பிள்ளைகள் பன்மை விகுதி போட்டார்கள். மனப்பாடம் மட்டுமில்லை, உள்ளே ஒரு விதி ஓடுகிறது என்று அதிலிருந்து தெரிந்தது. அந்த ஆய்வுக்கு வேண்டியிருந்தவை வண்ணம் தீட்டிய 27 அட்டைகள். கருவி ஒன்றும் இல்லை, அட்டைதான். அதனால்தான் அச்சுக் கடையைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன்.

இப்போது கடைக்கு வருவோம்.

ஓவியர் ஒருவர் வரைந்து கொடுத்த படங்களைப் பென் டிரைவில் கொண்டு போயிருந்தேன். அக்கா ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். மற்ற கடைகளில் யாரும் பார்ப்பதில்லை. எத்தனை காப்பி என்று கேட்டுவிட்டு பட்டனை அழுத்துவார்கள். அக்கா மூன்றாவது படத்தில் நின்றார்.

“ஏனுங் டீச்சரே, இந்தப் பொம்பளப் புள்ள தலையில செவப்புப் பூ இருக்குதுங்க. பையன்கிட்ட ஒண்ணுமே இல்லியே. நீங்க கேக்கறதுக்கு முன்னாலயே கொழந்தை பூ மேல வெரல வெச்சிருமுங்க.”

ஆய்வு முறையியல் வகுப்பில் இதற்கு ஒரு பாடமே உண்டு. சோதிக்கிற ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். குழந்தை வினையின் வாலைக் கேட்டுத் தொட்டதா, கண்ணைப் பறிக்கிற நிறத்தைப் பார்த்துத் தொட்டதா என்று பிறகு பிரிக்க முடியாது. அக்கா அந்த வகுப்பில் உட்கார்ந்தவர் இல்லை. கல்யாணப் பத்திரிகையில் பொண்ணு வீட்டுப் பெயரைவிட மாப்பிள்ளை வீட்டுப் பெயர் ஒரு நூல் பெரிதாக இருந்தால் என்ன நடக்கும் என்று தெரிந்தவர். அந்த அனுபவம் போதும்.

பூவை எடுத்துவிட்டோம். ஆனால் பெண் என்று தெரிய ஏதாவது வேண்டுமே. எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி இரட்டைச் சடை, சிவப்பு ரிப்பன். அப்படியானால் பையனுக்கும் அதே அளவு சிவப்பு வேண்டும்: ஒரு தொப்பி. ரிப்பனின் பரப்பும் தொப்பியின் பரப்பும் ஏறக்குறைய ஒன்றாக வரும்படி அக்காவே கோரல் டிராவில் இழுத்துச் சுருக்கிப் பார்த்தார். உயரம், முகம் திரும்பிய பக்கம், காலடிப் புழுதி எல்லாம் ஒன்றே. பிறகு ஒவ்வொரு அட்டைக்கும் இன்னொரு பதிப்பு: பெண் இடது பக்கம் இருந்தது வலது பக்கம் போகும். சில பிள்ளைகளுக்கு வலது பக்கத்தையே தொடும் பழக்கம் இருக்கும். அதைச் சமன் செய்ய இந்த ஏற்பாடு.

அச்சு அண்ணன் வேலை. எனக்கு அவசரம், பாதியை இன்றைக்குக் கொடுங்கள், மீதியை நாளைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்றேன். மறுத்துவிட்டார்.

“நாளைக்குப் போட்டா செவப்பு வேறயா வரும் டீச்சர். டோனர் மாத்த வேண்டியிருக்குது. மாத்திட்டு ஒரே ஓட்டத்துல முடிச்சரலாம்.”

மொத்தமும் ஒரே ஓட்டத்தில் அடித்துக் கொடுத்தார். அடுக்கி வைத்துப் பார்த்தேன், முதல் அட்டையின் தொப்பியும் கடைசி அட்டையின் ரிப்பனும் ஒரே சிவப்பு. இதை இவ்வளவு பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வேறு ஊரில், பெயர் வேண்டாம், ஏசி போட்ட பெரிய கடையில் முன்பு ஒரு செட் அடித்தேன். ‘தாளுக்குப் பொருத்து’ என்று அவர்கள் கணினியில் ஒரு டிக் எப்போதும் போட்டபடியே இருக்கும். சில பக்கங்களில் ஓரம் கொஞ்சம் அகலம், அந்தப் பக்கங்கள் மட்டும் தானாகச் சுருங்கின. ஒரு படம் சின்னதாகவும் அதன் இணை பெரிதாகவும் வந்து சேர்ந்தது. கேட்டதற்கு, “கண்ணுக்குத் தெரியாது மேடம்” என்றார்கள். எனக்குத் தெரிந்ததே! இந்த அண்ணன் ஸ்கேலை வைத்து அளந்துவிட்டுத்தான் அடுத்த தாளை விடுகிறார்.

லேமினேஷன் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எல்லாக் கடையிலும் போடுவது பளபளப்பு உறை. பள்ளிக்கூடத்து ஜன்னல் பக்கம் அதை நீட்டினால் வெளிச்சம் அடித்து ஒரு படம் மறைந்துவிடும்; குழந்தை தெரிகிற படத்தைத் தொடும். மங்கலான உறை வேண்டும் என்றேன். கடையில் இல்லை. கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்தார், அதற்குத் தனிக் காசு வாங்கினார், சரிதான். நாலு மூலையையும் வளைவாக வெட்டிக் கொடுத்தார். அதை நான் கேட்கவில்லை. கூர்மையான மூலை முதலில் மடியும், மடிந்த அட்டையைப் பிள்ளைகள் அடையாளம் கண்டுகொள்வார்கள், ‘இது நேத்து பாத்தது’ என்பார்கள். பங்குனி வெயிலில் வியர்வைக் கையோடு பிடித்தும் ஓரம் பிரியவில்லை.

அக்காவின் டைப்பிங்குக்கு வருகிறேன். தமிழுக்குப் பழைய டைப்ரைட்டர் விசைப்பலகை, மலையாளத்துக்கு இன்ஸ்கிரிப்ட். இரண்டுக்கும் விரல் தானாக மாறுகிறது. பெற்றோர் ஒப்புதல் படிவம் இரண்டு மொழியிலும் வேண்டும். குழந்தைகளை வைத்துச் செய்யும் ஆய்வுக்குப் பெற்றோர் கையெழுத்து இல்லாமல் ஒரு அடி எடுத்து வைக்க முடியாது, குழந்தையின் சம்மதமும் வேண்டும். நான் கொண்டு போன மலையாள வரைவு ஒரு நண்பர் அனுப்பியது, பழைய லிபி எழுத்துருவில் இருந்தது. 1971-ல் கேரள அரசு லிபியைச் சீர்திருத்திய பிறகு பாடப்புத்தகங்களும் மாறின; அக்கா தாமாகவே புதிய லிபி எழுத்துருவில் போட்டுக் கொடுத்தார். இந்த வயதுப் பெற்றோர் பலருக்கு அதுதான் பழக்கம் என்றார். ஒருவரும் தட்டுத்தடுமாறவில்லை.

தமிழ்ப் பக்கம் வேறு தலைவலி. குழந்தைகள் வாய்விட்டுப் படிக்கிற அட்டைகளும் உண்டு, அட்டைக்கு ஒரு வாக்கியம். ஒரு வாக்கியம் ஒரே வரியில் நிற்க வேண்டும். வினைச்சொல் இரண்டாவது வரிக்கு இறங்கினால் கண் வலது ஓரத்திலிருந்து இடது ஓரத்துக்குத் தாவ வேண்டியிருக்கும். அங்கே குழந்தை தயங்கினால் அது இலக்கணத் தயக்கமா வரித் தயக்கமா என்று தெரியாது. சொற்களின் நீளமும் சமமாக வேண்டும். இங்கேதான் மென்பொருள்கள் ஏமாற்றும். ‘கொ’ என்பது நமக்கு ஓர் எழுத்து. கணினிக்கு க ஒன்று, கொம்பும் காலும் சேர்ந்த குறி ஒன்று, ஆக இரண்டு. ஆங்கிலத்துக்குச் செய்த எண்ணும் கருவியிடம் விட்டால் கணக்கு கோணலாகும். நாங்கள் எழுத்தைக் கையால் எண்ணினோம், அகலத்தை ஸ்கேலால் அளந்தோம். அக்கா நோட்டோ என்ற இலவச எழுத்துருவில் அடித்தார். சில பழைய மென்பொருள்களில் யூனிகோடு தமிழை ஒட்டினால் கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம் நிற்கும் என்பதை டி.டி.பி. கடைக்குப் போன எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இங்கே அந்தத் தொல்லை இல்லை.

பெரியவர்களுக்கான வினாத்தாள் இன்னொரு வகை. 24 வாக்கியம், ஒவ்வொன்றுக்கும் நான்கு வடிவம். ஒருவரே ஒரு வாக்கியத்தின் நான்கு வடிவத்தையும் பார்த்தால் எதைச் சோதிக்கிறோம் என்று கண்டுபிடித்துவிடுவார். அதனால் நான்கு பட்டியல். ஒவ்வொரு பட்டியலிலும் ஒவ்வொரு வாக்கியமும் ஒரு வடிவத்தில் மட்டும். லத்தீன் சதுரம் என்பார்கள். அண்ணனிடம் இதைச் சொல்லத் தொடங்கியதும், “நாலு டீம், நாலு ஜெர்சி, கலக்கக் கூடாது, அவ்வளவுதானே?” என்றார். அவ்வளவுதான். கலர் தாளில் அடிக்கிறேன் என்றார். கலர் வேண்டாம், படிக்கிறவர்கள் கவனிப்பார்கள் என்றேன். பின்பக்கம் கீழ் மூலையில் பொடியாக ஒரு குறி போட்டு, பட்டியலுக்கு ஒரு நிற ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக் கொடுத்தார். ஒரு தாள்கூட இடம் மாறவில்லை.

சாதாரணப் பிரிண்டும் அங்கேதான் எடுத்தேன். குழந்தைப் பேச்சுப் பதிவுகளுக்கு சில்டஸ் என்று ஒரு பொதுத் தொகுப்பு இருக்கிறது. பிரையன் மக்வின்னியும் கேத்தரின் ஸ்னோவும் 1984-ல் தொடங்கியது. அதில் ஒரு தமிழ்க் குழந்தையின் பேச்சும் இருக்கிறது; பதிந்து கொடுத்தவர்களில் ஒருவர் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆர். நரசிம்மன், இந்தியக் கணினித் துறையின் முன்னோடிகளில் ஒருவர். கணினி செய்தவர் குழந்தைப் பேச்சை ஏன் சேகரித்தார் என்று யோசித்தால் இந்தத் துறை எவ்வளவு அகலமானது என்று தெரியும். அந்தப் பக்கங்களை அகல ஓரம் விட்டு, இரண்டு பக்கமும் அடித்து, ஸ்பைரல் போட்டு வாங்கினேன். அக்கா இடையில் நாலு பக்கம் படித்துவிட்டு, “எங்க பேத்தியும் இப்படித்தானுங்க பேசறா” என்று சிரித்தார். வேலை கொஞ்ச நேரம் நின்றது. அது குறையா நிறையா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

குறைகளைச் சொல்லிவிடுகிறேன். முதலாவது நேரம். எப்போது முடியும் என்று கேட்டால் ‘பாக்கலாங்க’ என்பதுதான் பதில். மத்தியானம் சாப்பாட்டுக்கு ஷட்டரை இறக்கினால் எப்போது ஏறும் என்று தெரியாது. இரண்டாவது, தமிழ் டைப்பிங்குக்குப் பக்கக் கணக்கில் காசு, வரி இடைவெளி அதிகம் விட்டாலும் அதே காசு. பேசிக் குறைக்கலாம் என்று நினைக்காதீர்கள். மூன்றாவது, இது கொஞ்சம் பெரிய குறை: கோப்புகளை அழிப்பதில்லை. அவர்கள் கணினித் திரையில் ஊரார் ஆதார் நகலெல்லாம் கிடக்கிறது, என் ஃபோல்டரும் அதன் நடுவில் கிடந்தது. சொன்னால் அழிக்கிறார்கள், சொல்லாவிட்டால் அப்படியே கிடக்கும். குழந்தைகளின் பெயர் உள்ள எதையும் கடைக்குக் கொண்டு போகாதீர்கள். எண் மட்டும் போட்டுக் கொண்டு போங்கள், கிளம்பும்போது குப்பைத் தொட்டியையும் காலி செய்யச் சொல்லுங்கள்.

ஆய்வேட்டு பைண்டிங்குக்கு இந்தக் கடை வேண்டாம். ரெக்சின் அட்டை, தங்க எழுத்து எல்லாம் செய்து தருகிறேன் என்பார் அண்ணன், ஆனால் வேலையை வெளியூருக்கு அனுப்புகிறார். நண்பர் ஒருவருக்கு முதுகுப் பக்கத்து எழுத்து தலைகீழாக வந்து, திரும்ப அனுப்பி, திரும்ப வந்தது. 2022 யு.ஜி.சி. விதிப்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு என்று கணக்குப் போட்டு ஓடிக்கொண்டிருக்கிற நேரத்தில் அந்த அலைச்சல் யாருக்கும் வேண்டாம். பைண்டிங்கை உங்கள் பல்கலைக்கழக வாசலிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

கேள்விக்கும் தயாராகப் போங்கள். அண்ணன் கேட்பார்: “‘வந்தா’வுக்கும் ‘வந்தா’னுக்கும் வித்தியாசம் கண்டுபுடிச்சா டாக்டர் பட்டம் குடுக்கறாங்களா?” குடுக்கறாங்கண்ணா. பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்றும் கேட்பார். எனக்கு வாய்மொழித் தேர்வு முடியவில்லை, அதனால் அவருக்கும் சொல்லவில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். அரைப் புள்ளி ஷட்டருக்குப் போச்சு, அரைப் புள்ளி அந்தக் கணினித் திரைக்கு. ஆவணி மாதம் போகாதீர்கள். மலையாளத்தில் சிங்ஙம் மாதம், கல்யாண சீசன், பத்திரிகைக் கட்டுகளுக்கு நடுவே உங்கள் அட்டையைத் தேடி எடுப்பதற்குள் பொழுது போய்விடும். மற்ற நாளில் காலையில் போய்விடுங்கள். பென் டிரைவில் பிடிஎஃப் இருக்கட்டும், எழுத்துரு உள்ளேயே பதிந்ததாக. அட்டையின் நீள அகலத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டு போங்கள். படத்தை வாட்ஸாப்பில் அனுப்பட்டுமா என்று மட்டும் கேட்காதீர்கள். அனுப்பினால் தரம் குறைந்து வரும் என்று அக்காவுக்குத் தெரியும். பதில் சொல்ல மாட்டார், ஒரு முறை முறைப்பார்.